கலக்காது, ஆனால் சூடு தாண்டும்!

பால் பண்ணை முதல் அணுமின் நிலையம் வரை ஒரே தந்திரம்

பாலில் வெந்நீரை ஊற்றினால் பால் சூடாகும். ஆனால் அதை யாரும் பால் என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர்ப் பால் என்பார்கள்.

வெந்நீரின் சூடு மட்டும் பாலுக்குப் போக வேண்டும். வெந்நீர் ஒரு சொட்டுக் கூடப் போகக் கூடாது. முடியுமா?

முடியும்! அது தினந்தோறும் நடக்கிறது. விடியற்காலையில் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டில் இருப்பது, அப்படிச் சூடு ஏற்றி, உடனே குளிர வைத்த பால்தான்.

இந்த வேலையைச் செய்யும் கருவிக்கு "வெப்பப் பரிமாற்றி" என்று பெயர். பெயர்தான் பெரிது. வேலை எளிது. ஒன்றின் சூட்டை வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும். ஆனால் இரண்டையும் ஒன்றோடொன்று கலக்க விடாது.

பால் பண்ணையில் இது இருக்கிறது. மோட்டார் காரில் இருக்கிறது. அணுமின் நிலையத்தில் இருக்கிறது. இருதய ஆபரேஷன் நடக்கும் அறையிலும் இருக்கிறது. இதன் உயிர் ஒரு மெல்லிய சுவரில் இருக்கிறது. சுவர் நல்லபடியாக இருந்தால் எல்லாம் நலம். சுவரில் ஓட்டை விழுந்தால் பெரிய ஆலையையே மூட வேண்டி வரும். அப்படி மூடியதும் உண்டு!

டம்ளரும் கிண்ணமும்

இந்தக் கருவி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

குழந்தைக்குப் பால் காய்ச்சியாகி விட்டது. பால் கொதிக்கிறது. குழந்தை பசியில் அழுகிறது. தாய் என்ன செய்கிறாள்? ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுகிறாள். பால் டம்ளரை அதற்குள் வைக்கிறாள். சிறிது நேரத்தில் பால் ஆறி விடுகிறது. கிண்ணத்து நீரைத் தொட்டுப் பார்த்தால், அது வெதுவெதுப்பாக இருக்கும்.

பாலின் சூடு நீருக்குப் போய்விட்டது. பால் போகவில்லை. நடுவில் டம்ளரின் சுவர் நின்றது. அது பாலைத் தடுத்தது. சூட்டுக்கு வழி விட்டது.

சூட்டுக்கு ஒரு குணம் உண்டு. மேட்டில் இருக்கும் நீர் பள்ளத்துக்கு ஓடும் அல்லவா? அது போல, சூடு அதிகமான இடத்தில் இருந்து குறைவான இடத்துக்கு ஓடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு ஆனதும், ஓட்டம் நின்று விடும்.

அந்த ஓட்டத்தை விரைவாக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றும் தாய்மார்களுக்குத் தெரிந்தவைதான்.

பிளாஸ்டிக் டம்ளரை விட, மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் உள்ள பால் சீக்கிரம் ஆறும். சுவர் உலோகமாக இருக்க வேண்டும். மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இது முதல் வழி.

உயரமான டம்ளரில் உள்ள பாலை அகலமான தட்டில் ஊற்றி, தட்டைத் தண்ணீரில் வைத்தால் இன்னும் சீக்கிரம் ஆறும். சுவரின் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். இது இரண்டாவது வழி.

பாலைக் கரண்டியால் கலக்கி விட்டால், மேலும் சீக்கிரம் ஆறும். சுவரைத் தொடும் பால் அங்கேயே தேங்கி நிற்கக் கூடாது. புதிது புதிதாக வந்து சுவரைத் தொட வேண்டும். இது மூன்றாவது வழி.

உலகத்தில் உள்ள பெரும்பாலான வெப்பப் பரிமாற்றிகள் இந்த மூன்று வழிகளைக் கொண்டே செய்யப்படுகின்றன.

எதிரும் புதிரும்

இவற்றுக்கு மேல் ஒரு தந்திரம் இருக்கிறது. அதுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி.

இரண்டு குழாய்கள் ஒட்டினாற்போல் போகின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் 80 டிகிரி வெந்நீர் ஓடுகிறது. மற்றதில் 20 டிகிரி தண்ணீர் ஓடுகிறது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வேகம்.

இரண்டும் ஒரே திசையில் ஓடினால் என்ன ஆகும்? வெந்நீரின் சூடு குறைந்து கொண்டே போகும். தண்ணீரின் சூடு ஏறிக் கொண்டே போகும். கடைசியில் இரண்டும் 50 டிகிரிக்கு வந்து நின்று விடும். குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயன் இல்லை. 50 டிகிரியைத் தாண்டாது.

இப்போது தண்ணீரை எதிர்த் திசையில் விடுங்கள்.

தண்ணீர் குழாயின் கடைசிக்கு வரும்போது, 70 டிகிரி ஆகி இருக்கிறது. அங்கே அதன் எதிரே இருப்பது எது? அப்போதுதான் உள்ளே நுழைந்த 80 டிகிரி வெந்நீர்! ஆகவே, தண்ணீர் மேலும் சூட்டை வாங்கிக் கொள்ளலாம்.

மறு முனையைப் பாருங்கள். வெந்நீர் அங்கே 30 டிகிரிக்கு இறங்கி விட்டது. ஆனால் அதன் எதிரே வருவது 20 டிகிரி தண்ணீர். ஆகவே, இன்னும் சூட்டைக் கொடுக்கலாம்.

குழாய் போதிய நீளம் இருந்தால், தண்ணீர் 75 டிகிரிக்குக் கூட ஏறும். வெந்நீர் 25 டிகிரிக்கு இறங்கி விடும். அதே குழாய், அதே நீர். திசையை மாற்றியதுதான் வேலை. ஏறக்குறைய எல்லாச் சூடும் கைமாறி விடுகிறது!

வாத்தின் கால்

இந்தத் தந்திரத்தை மனிதன் கண்டுபிடிப்பதற்கு முன்பே, இயற்கை கண்டுபிடித்து விட்டது.

குளிர் நாடுகளில் காட்டு வாத்து பனிக்கட்டி மேல் நிற்கும். அதன் உடம்பின் சூடு சுமார் 40 டிகிரி. காலில் செருப்பு இல்லை; இறகும் இல்லை. உடம்புச் சூடு எல்லாம் கால் வழியாகப் பனியில் இறங்கி விடாதா?

இறங்காது. வாத்தின் காலில், கீழே போகும் ரத்தக் குழாயும் மேலே வரும் ரத்தக் குழாயும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. கீழே போகும் சூடான ரத்தம், மேலே வரும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்து விடுகிறது. பாதத்துக்குப் போகும்போது ரத்தம் குளிர்ந்து விடுகிறது. உடம்புக்குத் திரும்பும்போது சூடாகி விடுகிறது. பனிக்கட்டி கொள்ளையடிக்கச் சூடு மிச்சம் இல்லை!

மனிதனின் கையிலும் காலிலும் கூட, ஓரளவு இந்த ஏற்பாடு உண்டு.

பால் பண்ணையில்

பச்சைப் பாலில் நோய்க் கிருமிகள் இருக்கக் கூடும். காசநோய், டைபாய்டு போன்ற நோய்கள் பால் வழியாகப் பரவியது உண்டு. பச்சைப் பாலைக் குடித்துப் பல நாடுகளில் எத்தனையோ குழந்தைகள் இறந்து போயின.

பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-களில் ஓர் உண்மையைக் காட்டினார். திராட்சை மதுவைக் கொதிக்க வைக்காமல், ஓரளவு சூடாக்கினாலே அது கெடாமல் இருக்கும் என்றார். பிறகு அந்த முறை பாலுக்கும் வந்தது. அவர் பெயரால் அதற்கு "பாஸ்டர் முறை" என்று பெயர் ஏற்பட்டது.

இப்போது ஆவின் போன்ற பால் பண்ணைகளில் பாலை 72 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். 15 விநாடி அந்தச் சூட்டில் வைக்கிறார்கள். நோய்க் கிருமிகள் செத்து விடும். பாலின் ருசி கெடாது. உடனே பாலை 4 டிகிரிக்குக் குளிர வைக்கிறார்கள்.

லட்சக்கணக்கான லிட்டர் பாலை அண்டாவில் ஊற்றியா காய்ச்ச முடியும்? அதற்குத்தான் தகட்டு வெப்பப் பரிமாற்றி வந்தது. இங்கிலாந்தில் 1923-ம் ஆண்டில் ரிச்சர்டு செலிக்மன் என்பவர் இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்.

மெல்லிய எவர்சில்வர் தகடுகளை ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் போல அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர் கூட இராது. தகடுகளுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கும். ஓர் இடைவெளியில் பால் ஓடும். அடுத்த இடைவெளியில் வெந்நீர் ஓடும். அதற்கு அடுத்ததில் மறுபடியும் பால். எதிர் எதிர்த் திசையில் ஓடும். தகடுகள் வழவழப்பாக இரா. வரி வரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் பால் புரண்டு புரண்டு ஓடும். கரண்டியால் கலக்கும் வேலையைத் தகடே செய்து விடுகிறது!

பாலே பாலைச் சூடாக்கும்

இனிமேல்தான் வேடிக்கை.

உள்ளே வரும் பால் 4 டிகிரி. அதை 72 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். வெளியே போகும் பால் 72 டிகிரி. அதை 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஒன்றுக்குச் சூடு வேண்டும். மற்றதற்குச் சூடு வேண்டாம்.

இரண்டையும் எதிர் எதிரே ஓட விட்டால்?

அதைத்தான் செய்கிறார்கள். சூடான பால், குளிர்ந்த பாலுக்குச் சூடு கொடுக்கிறது. நூற்றுக்கு 90 பங்கு சூடு இப்படிக் கைமாறினால், உள்ளே வரும் பால் வெந்நீரின் உதவி இல்லாமலே 65 டிகிரிக்கு ஏறி விடும். வெந்நீர் ஏற்ற வேண்டியது மீதி 7 டிகிரிதான். அதே போல், வெளியே போகும் பால் குளிர்நீரின் உதவி இல்லாமலே 11 டிகிரிக்கு இறங்கி விடும்.

எரிபொருளும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். அது இல்லாவிட்டால் பால் விலை இன்னும் ஏறும்.

ஓட்டை விழுந்தால்?

ஓர் ஆபத்து இருக்கிறது. தகட்டின் ஒரு பக்கம் பச்சைப் பால். மறு பக்கம் கிருமி நீக்கிய பால். தகட்டில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் கூட, பச்சைப் பால் நல்ல பாலில் கலந்து விடும். பட்ட பாடு எல்லாம் வீண்!

அதற்கும் வழி கண்டுபிடித்து இருக்கிறார்கள். கிருமி நீக்கிய பால் ஓடும் பக்கத்தில், அழுத்தத்தை எப்போதும் சற்று அதிகமாக வைத்திருப்பார்கள். ஓட்டை விழுந்தாலும், நல்ல பால்தான் பச்சைப் பால் பக்கம் போகும். பச்சைப் பால் இந்தப் பக்கம் வராது.

இன்னொரு காவலும் உண்டு. பால் 72 டிகிரியை எட்டாவிட்டால், ஒரு கதவு தானே திரும்பிக் கொள்ளும். அந்தப் பால் பாக்கெட்டுக்குப் போகாது. திரும்பவும் சூடாக்கப் போய்விடும்.

ரெயிலும் காரும்

உலகத்தை மாற்றிய எந்திரங்கள் பலவற்றிலும், இந்தச் சுவர்தான் முக்கியமான வேலை செய்தது.

1829-ம் ஆண்டு இங்கிலாந்தில் ரெயின்ஹில் என்ற ஊரில் ஒரு போட்டி நடந்தது. நல்ல ரெயில் என்ஜினுக்கு 500 பவுன் பரிசு. ராபர்ட் ஸ்டீபன்சன் "ராக்கெட்" என்ற என்ஜினைக் கொண்டு வந்தார். அந்த நாளில் பெரும்பாலும் நெருப்புக் காற்றை ஒரே பெரிய குழாய் வழியாகக் கொதிகலனுக்குள் விட்டார்கள். ராக்கெட்டில் 25 செம்புக் குழாய்கள் இருந்தன. நெருப்புக் காற்று குழாய்களுக்குள் போனது. சுற்றிலும் தண்ணீர் நின்றது. சுவரின் பரப்பு பெருகியது. நீராவி விரைவாகக் கிளம்பியது. பரிசு ராக்கெட்டுக்குக் கிடைத்தது!

மோட்டார் கார் வந்த புதிதில், என்ஜினைக் குளிர வைப்பது பெரிய தொல்லையாக இருந்தது. தண்ணீர் கொதித்து ஆவியாகி விடும். 1900-ம் ஆண்டில் வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மன் என்ஜினீயர், தேன்கூடு போன்ற ஒரு ரேடியேட்டரைச் செய்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. குழாய்களுக்குள் காற்று புகுந்து ஓடியது. வெளியே தண்ணீர் ஓடியது. 9 லிட்டர் தண்ணீரே போதும் என்று ஆகி விட்டது. அந்தக் காருக்கு "மெர்சிடஸ்" என்று பெயர்.

மூன்று நீர்

நெல்லைச் சீமையில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் உலை 2014-ம் ஆண்டு டிசம்பரிலும், இரண்டாவது உலை 2017-ம் ஆண்டு மார்ச்சிலும் வணிக முறையில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட்.

அங்கே மூன்று வகை நீர் ஓடுகிறது. ஒன்றோடொன்று கலப்பது இல்லை.

முதல் நீர், அணு உலைக்குள் போகிறது. யுரேனிய எரிபொருள் கோல்களைச் சுற்றி ஓடி, 300 டிகிரிக்கு மேல் சூடாகிறது. ஆனால் கொதிக்காது. காற்றின் அழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தத்தில் அதை அடக்கி வைத்திருக்கிறார்கள். இந்த நீரில் கதிரியக்கம் உண்டு.

அந்த நீர் பெரிய நீராவித் தொட்டிகளுக்குப் போகிறது. ஓர் உலைக்கு 4 தொட்டிகள். தொட்டிக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. முதல் நீர் குழாய்களுக்குள் ஓடுகிறது. குழாய்களைச் சுற்றி இரண்டாவது நீர் நிற்கிறது. அது சூட்டை வாங்கிக் கொதித்து, நீராவி ஆகிறது. அந்த நீராவிதான் மின்சார எந்திரத்தைச் சுழற்றுகிறது.

வேலை முடிந்த நீராவியைத் திரும்பவும் தண்ணீர் ஆக்க வேண்டும். அதற்கு மூன்றாவது நீர் வருகிறது. அது கடல் நீர்! அதுவும் குழாய்களுக்குள் ஓடி, சூட்டை வாங்கிக் கொண்டு, கடலுக்குத் திரும்பி விடுகிறது.

அணு உலை நீருக்கும் கடல் நீருக்கும் நடுவில் இரண்டு சுவர்கள். கதிரியக்கம் உள்ளேயே நிற்க வேண்டும். சூடு மட்டும் தாண்ட வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர்

அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரையில் சான் ஒனோபர் என்ற அணுமின் நிலையம் இருந்தது. அங்கே பழைய நீராவித் தொட்டிகளை எடுத்து விட்டு, 2010, 2011-ம் ஆண்டுகளில் புதிய தொட்டிகளை வைத்தார்கள். ஒரு தொட்டியில் 9,727 குழாய்கள். ஒரு குழாயின் சுவர் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம்.

2012-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி ஒரு குழாய் ஒழுகியது. அன்றே அந்த உலையை நிறுத்தினார்கள். சிறிதளவு கதிரியக்கம் வெளியேறியது. யாருக்கும் காயம் இல்லை.

தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். நீராவி பாய்ந்த வேகத்தில் குழாய்கள் அதிர்ந்து, ஒன்றோடொன்று உரசி இருந்தன. உரசி உரசி, சுவர் தேய்ந்து விட்டது. ஒரு குழாய் அல்ல, பல குழாய்கள்.

அந்த நிலையம் பிறகு மின்சாரம் தரவே இல்லை. 2013-ம் ஆண்டு ஜூன் மாதம், நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். உலை நன்றாகத்தான் இருந்தது. மின்சார எந்திரம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் நின்ற ஒரு மில்லிமீட்டர் சுவர் கைவிட்டு விட்டது!

ஆபரேஷன் அறையில்

இருதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது, இருதயத்தை நிறுத்தி வைப்பது உண்டு. அதுவரை ஓர் எந்திரம் ரத்தத்தை வாங்கி, உயிர்வாயு ஏற்றி, உடம்புக்குத் திருப்பி அனுப்பும்.

அந்த எந்திரத்திலும் ஒரு சிறிய வெப்பப் பரிமாற்றி இருக்கிறது. மெல்லிய சுவரின் ஒரு பக்கம் நோயாளியின் ரத்தம். மறு பக்கம் தண்ணீர். தண்ணீரைக் குளிர வைத்தால் ரத்தம் குளிரும். உடம்பும் குளிரும். உடம்பு குளிர்ந்தால் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் உயிர்வாயு குறைவாகவே தேவைப்படும். டாக்டருக்கு அவகாசம் கிடைக்கும். ஆபரேஷன் முடிந்ததும், தண்ணீரைச் சூடாக்கி, உடம்பை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டு வருவார்கள்.

இந்தச் சுவர் ஒழுகினால் தண்ணீர் ரத்தத்தில் கலந்து விடும். ஆகவே, ரத்தத்தை விடுவதற்கு முன்பே, ஒழுக்கு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டுச் சுவர்

வீட்டில் உள்ள வெப்பப் பரிமாற்றிகளுக்கும் எதிரி உண்டு. அது அழுக்கு.

வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அது சூட்டைத் தடுக்கும். தண்ணீர் கொதிக்க நேரம் ஆகும். கியாசும் அதிகம் செலவாகும். புளியைப் போட்டுத் தேய்த்தால் உப்பு போய்விடும்.

குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. சூடு வெளியேறப் பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ குழாய்கள் இருக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. சற்று இடம் விட வேண்டும். ஏ.சி. எந்திரத்தின் வெளிப்பெட்டியில் தூசி அடைந்தால், மின்சாரக் கட்டணம் ஏறும்.

கார் ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும்.

பால் பாக்கெட் வந்ததும் வாசலில் கிடக்க விடாதீர்கள். 72 டிகிரிச் சூட்டில் நோய்க் கிருமிகள்தான் சாகும். பாலைப் புளிக்க வைக்கும் கிருமிகளில் சில பிழைத்து இருக்கும். வெயில் பட்டால் அவை பெருகி விடும். உடனே காய்ச்சுங்கள், அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

அந்தப் பால் வெந்நீருக்குப் பக்கத்தில் ஓடி வந்தது. குளிர்நீருக்குப் பக்கத்தில் ஓடி வந்தது. பச்சைப் பாலுக்குப் பக்கத்திலும் ஓடி வந்தது. எதனோடும் கலக்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு தகடு அதைக் காத்துக் கொடுத்தது. வீட்டுக்கு வந்த பிறகு, காக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்!